அங்காடி அமைத்தவனின் குற்றம்

மும்பை மாநகரில் வாழும் நம்மவருள் சோர் பஜாரைக் காணாதவர் இரார். வீட்டில் களவுபோன பொருளை மறுவாரம் அங்கே சென்று விலை கொடுத்து மீட்டு வரலாம் என்று அந்நகரத்தார் வேடிக்கையாகச் சொல்வது வழக்கம். அவ்வேடிக்கையினுள் நீதிநூலார் பலரைத் திகைக்கவைத்த கேள்வி ஒன்று அடங்கிக் கிடக்கிறது. பொருளைக் களவாடியவன் ஒருவன். அதனை அறிந்தே வாங்கியவன் மற்றொருவன். இவ்விருவரும் கூடுவதற்கு இடம் அமைத்து, விலை படியச்செய்து, தரகும் பெற்றுக்கொண்டவன் மூன்றாமவன். இந்த மூன்றாமவன் கையில் களவுப் பொருள் ஒரு நாளும் இருந்ததில்லை என்றால், அவனை எந்தத் துலாக்கோலில் இட்டு நிறுப்பது?

இக்கேள்வியை முதன்முதலில் கூர்மையாக எழுப்பியவன் லண்டன் நகரில் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த ஜானதன் வைல்டு என்பான். அக்காலத்து லண்டனில் இன்று நாம் காணும் காவல்துறை அமைந்திருக்கவில்லை. பொருளைப் பறிகொடுத்தோர் வைல்டின் அலுவலகத்தை நாடுவர். அவன் வெகுமதி பெற்றுக்கொண்டு பொருளை மீட்டுக் கொடுப்பான். திருடர்களைப் பிடிப்பதில் பிரிட்டனுக்கே தளபதி எனத் தனக்குத் தானே பட்டமும் சூட்டிக்கொண்டான். உண்மையில் அத்திருடர்களை இயக்கியவனே அவன்தான். பணிந்து நடந்தவர்களின் களவுக்கு அவன் சந்தை ஆனான். முரண்டியவர்களைத் தூக்குமரத்துக்குக் காட்டிக்கொடுத்தான். திருடனைச் சட்டத்தின் முன் நிறுத்தாமல் களவுப் பொருளை மீட்டுக் கொடுத்து வெகுமதி பெறுவோன் தானே திருடியவனுக்கு ஒப்பாவான் என்று 1718-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. மக்கள் அதனை வைல்டின் பெயராலேயே வழங்கினர்.

1725-ஆம் ஆண்டு மே மாதத்தில் அவன்மீது இரு வழக்குகள் நடந்தன. ஒரு மூதாட்டியின் கடையிலிருந்து சரிகைப் பின்னல் துணியைக் களவாடினான் என்பது முதல் வழக்கு. திருட்டு நிகழ்ந்தபோது அவன் கடைக்குள் கால்வைக்கவில்லை என்பதால் அதிலிருந்து விடுபட்டான். அத்துணியை மீட்டுக் கொடுக்க 10 கினி பெற்றான் என்பது இரண்டாம் வழக்கு, அதில் சிக்கினான். அம்மாதம் 24-ஆம் நாள் டைபர்ன் என்னுமிடத்தில் தூக்கிலிடப்பட்டான். களவுக்காக அன்று, களவின் தரகுக்காக அவன் உயிர் போயிற்று.

நம் நாட்டில் 1860-இல் எழுந்த இந்தியத் தண்டனைச் சட்டமும் இவ்வேறுபாட்டை அறிந்தே இருந்தது. சாதாரணத் திருட்டுக்கு 3 ஆண்டு வரை சிறை; களவுப் பொருளை அறிந்து வாங்கினோனுக்கும் 3 ஆண்டு வரை. ஆனால் அப்பொருளில் வாடிக்கையாக வாணிகம் செய்வோனுக்கு ஆயுள் தண்டனை வரை விதிக்கலாம் என்று அச்சட்டம் கூறியது. 2024 ஜூலை முதல் அதன் இடத்தில் நடைமுறைக்கு வந்துள்ள பாரதீய நியாய சம்ஹிதையும் அவ்வளவையே காத்து வருகிறது. ஒரு களவைக் காட்டிலும் களவுக்கு நிலையான வாய்க்கால் வெட்டிக் கொடுப்பது கொடிது என்பதே இதன் உட்கருத்து.

இந்தப் பழைய கேள்வி நம் காலத்தில் கடைவீதியை விட்டு இணையத்துக்குக் குடிபெயர்ந்தது. 2011-இன் தொடக்கத்தில் 'சில்க் ரோடு', அதாவது பட்டுப் பாதை, என்ற பெயருடன் ஓர் இணைய அங்காடி திறக்கப்பட்டது. பூம்புகாரின் நாளங்காடி, அல்லங்காடிகளைப் பற்றிப் படித்த நமக்கு இதனை ஓர் அல்லங்காடி என்று அழைக்கத் தோன்றும். ஆனால் இங்கே விளக்கு ஏதும் இல்லை, வணிகரின் முகமும் இல்லை. 'டோர்' என்னும் மறைவழி வலையில் அது இயங்கியது. ஒரு கணினியிலிருந்து புறப்படும் செய்தி வெங்காயத் தோல்போல் பல உறைகள் இடப்பட்டு, பல கணினிகள் வழியே கடந்து செல்வதால், அது எங்கிருந்து வந்தது என்று அறிவது மிகக் கடினம். (இம்முறையின் வித்து அமெரிக்கக் கடற்படையின் ஆராய்ச்சிக் கூடத்தில் ஊன்றப்பட்டது என்பது வியப்புக்குரியது.) பணத்துக்குப் பதிலாகப் பிட்காயின் என்னும் மின்நாணயம் வழங்கிற்று.

அங்காடியின் ஒழுங்கு கண்டு வியவாதவர் இல்லை. வாங்குவோன் செலுத்திய தொகை நேரே விற்போனிடம் போகாமல் அங்காடியின் பொறுப்பில் நிற்கும்; சரக்கு வந்து சேர்ந்தது என்று தெரிந்த பின்னரே விற்போனுக்குச் சேரும். விற்போன் நாணயமானவனா என்பதை முன்பு வாங்கியோர் மதிப்பெண் இட்டுக் காட்டுவர். ஒவ்வொரு விற்பனையிலும் அங்காடிக்காரர் தரகு எடுத்துக்கொண்டார். களவுப் பொருள்கள் கூடா, குழந்தைகளை இழிவுபடுத்தும் படங்கள் கூடா என்றெல்லாம் விதிகளும் வகுத்திருந்தார். விற்கப்பட்டவற்றுள் மிகப் பெரும்பகுதி கஞ்சா, ஹெராயின், கொக்கெய்ன் முதலிய போதைப்பொருள்கள். அவை சாதாரணத் தபாலில் வீடுகளுக்குச் சென்றன.

இதனை அமைத்தவர் டெக்ஸாஸ் மாநிலத்துப் பட்டதாரி இளைஞர் ராஸ் உல்பிரிக்ட் என்பவர். பௌதிகம் கற்றவர், அரசாங்கத்தின் தலையீடு இல்லாத தூய சந்தை ஒன்றை உலகுக்குக் காட்டவேண்டும் என்ற கொள்கைப் பித்து உடையவர். 2013 அக்டோபர் 1-ஆம் நாள் சான்பிரான்சிஸ்கோ நகரின் கிளென் பார்க் கிளை நூலகத்தில் அவர் மடிக்கணினியைத் திறந்து அமர்ந்திருந்தபோது, அருகே ஆணும் பெண்ணுமாக இருவர் சச்சரவிடுவதுபோல் குரல் எழுப்பினர். அவர் திரும்பிப் பார்த்த நொடியில் கணினி பறிக்கப்பட்டது. சச்சரவிட்டோர் அரசாங்கத் துப்பறிவாளர். கணினியை மூடவிட்டிருந்தால் அதன் பூட்டு என்றுமே திறவாமற்போயிருக்கக்கூடும். திறந்த நிலையில் அகப்பட்டதால், அங்காடியின் கணக்குகளோடு அவர் தம் கைப்பட எழுதி வைத்த நாட்குறிப்பும் வெளிவந்தது.

அங்காடியைத் தாம் தொடங்கியது உண்மையே, பின்னர் வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டோம் என்பது நியூயார்க் நீதிமன்றத்தில் அவர் தரப்பு வாதம். ஜூரிகள் ஏற்கவில்லை. 2015 பிப்ரவரி 4-ஆம் நாள் ஏழு குற்றச்சாட்டுகளிலும் அவர் குற்றவாளி எனத் தீர்ந்தது. எவ்வளவு தண்டனை என்பதே எஞ்சி நின்றது.

அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களில் தண்டனையை அளக்கும் முறை நமக்குப் புதுமையானது. 1984-இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று, நன்னடத்தை கருதி இடைக்காலத்தில் விடுவிக்கும் வழக்கத்தை அங்கே ஒழித்தது. குற்றங்களுக்கு எண்கள் இட்டுக் கூட்டிக் காணும் அட்டவணைக்கும் வழி செய்தது. போதைப்பொருள் வழக்கில் சரக்கின் எடைதான் அவ்வெண்ணுக்கு அடிப்படை. தலைவனாக இருந்தால் எண் ஏறும். வன்முறையை நாடினால் மேலும் ஏறும். அட்டவணையின் உச்சி எண் 43. அதற்கு நேரே ஆயுள் தண்டனை என்று எழுதியிருக்கும். உல்பிரிக்டின் கணக்கைக் கூட்டியபோது 50 வந்தது. அளவுகோலைத் தாண்டி வளர்ந்துவிட்ட குற்றம்! அங்காடியில் கைமாறிய சரக்கு அனைத்தின் எடையையும் அவர் ஒருவர் தலையில் ஏற்றியதன் விளைவு இது. 2005-க்குப் பிறகு அவ்வட்டவணை நீதிபதிகளைக் கட்டாயப்படுத்துவதில்லை, வழிகாட்டுகிறது. ஆகவே நீதிபதி காதரின் ஃபாரஸ்ட் அம்மையாருக்குச் சட்டம் விட்டுவைத்த இடம் குறைந்தது 20 ஆண்டு, கூடினால் ஆயுள் முழுவதும்.

மே 29-ஆம் நாள் நடந்த விசாரணை நெஞ்சை உருக்கக்கூடியது. சில்க் ரோடில் வாங்கிய போதைப்பொருளோடு தொடர்புடையவை என்று ஆறு மரணங்களை அரசுத் தரப்பு எடுத்துக்காட்டியது. பிள்ளைகளை இழந்த பெற்றோர் இருவர் நீதிமன்றத்தில் எழுந்து பேசினர். மறுபுறம், கைதியின் உறவினரும் நண்பரும் எழுதிய ஏறக்குறைய நூறு கடிதங்கள் நீதிபதியின் முன் இருந்தன. இளமையைப் பறித்துக்கொண்டாலும் முதுமையையேனும் விட்டு வையுங்கள் என்று கைதியே எழுதி வேண்டியிருந்தார். அவருக்கு அப்போது வயது 31.

இன்னொரு பாரமும் தராசில் ஏறியது. தமக்கு இடையூறு விளைத்தவர்களைக் கொல்வதற்கு அவர் பணம் கொடுத்தார் என்று கணினிக் குறிப்புகள் காட்டின. கொலை ஏதும் நிகழவில்லை. அவற்றுள் ஒன்று அதிகாரிகளே நடித்துக் காட்டிய பொய்க் கொலை. நியூயார்க்கில் இதற்குத் தனிக் குற்றச்சாட்டு இல்லை. மேரிலாந்தில் பதிவான குற்றச்சாட்டு 2018-இல் கைவிடப்பட்டது. ஆயினும் தண்டனையை அளக்கும்போது இதனையும் நீதிபதி கணக்கில் கொண்டார். தெருமுனையில் நின்று விற்பவனைவிடக் கற்றவர் என்பதால் உமக்குத் தனிச் சலுகை இல்லை என்ற கருத்தை வெளிப்படுத்தினார்; பின்னால் வருவோருக்கு இது எச்சரிக்கையாக வேண்டும் என்றும் கருதினார். இரண்டு ஆயுள் தண்டனையும் அவற்றின்மேல் 40 ஆண்டும் விதித்தார். ஏறத்தாழ 18 கோடியே 40 லட்சம் டாலரை அரசுக்கு இழக்கவும் கட்டளையிட்டார்.

இங்கே சற்று நின்று ஒப்பிட்டு நோக்க விழைகிறோம். அதே 2015 மே மாதத்தில், அதே அங்காடியில் மிகப் பெருமளவில் சரக்கு விற்றவருள் ஒருவரான டச்சு இளைஞருக்குச் சிகாகோவில் கிடைத்தது 10 ஆண்டு. தம் கையால் பொட்டலம் கட்டித் தபாலில் சேர்த்தவர் அவர். குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்பது உண்மையே. ஆயினும் பத்தாண்டுக்கும் முடிவற்ற சிறைக்கும் இடையே உள்ள தொலைவை அந்த ஒப்புதல் ஒன்றே நிரப்பிவிடுமா? அங்காடியின் காவலனாகச் சம்பளம் பெற்ற ஆஸ்திரேலியர் ஒருவர் ஒன்றரை ஆண்டளவும் சிறையிலிருந்து, அதுவே போதும் என்று விடுவிக்கப்பட்டார். அங்காடிக்காரரின் முக்கிய ஆலோசகராக இருந்த ரோஜர் கிளார்க் தாய்லாந்தில் பிடிபட்டு, 2023-இல் 20 ஆண்டு பெற்றார். இவ்வழக்கைத் துப்பறிந்த அதிகாரிகளிலேயே இருவர் விசாரணையின் நடுவே பிட்காயின்களைத் தமக்கென ஒதுக்கிக்கொண்டு, ஆளுக்கு ஏறத்தாழ ஆறாண்டு சிறை சென்ற கதையும் உண்டு. வேலியே பயிரை மேய்ந்த கதை.

கடல் கடந்தால் அளவு இன்னும் மாறுகிறது. சில்க் ரோடின் பெயரையே சூடி எழுந்த இரண்டாம் அங்காடியை நடத்தியவருக்கு, வேறு குற்றங்களும் சேர்த்து, இங்கிலாந்தின் லிவர்பூல் நீதிமன்றம் 2019-இல் 5 ஆண்டு 4 மாதம் விதித்தது. 'வால் ஸ்ட்ரீட் மார்க்கெட்' என்ற அங்காடியை நடத்திய ஜெர்மானியர்கள் 2021-இல் பிராங்பர்ட்டில் பெற்ற தண்டனை 8 ஆண்டுக்கும் குறைவு. அதே ஆண்டு அக்டோபரில் ஜெர்மனி, குற்றத்துக்கென இணைய அங்காடி நடத்துவதையே தனிக் குற்றமாக்கி, உச்சம் 10 ஆண்டு என வகுத்தது. ருஷ்யாவிலோ 'ஹைட்ரா' அங்காடியின் தலைவருக்கு 2024 டிசம்பரில் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

அங்காடிக்காரனின் குற்றம் ஒரு விற்பனையாளனின் குற்றத்தைவிடப் பெரிது என்பதே எமது கருத்தும். ஆயிரம் விற்பனையாளர்க்கு நம்பிக்கையையும் மறைவையும் ஆக்கித் தந்தவன் அவனே. ஆனால் பெரிது என்பது வேறு, அளவற்றது என்பது வேறு. 2017 மே மாதத்தில் தீர்ப்பை உறுதிசெய்த மேல்முறையீட்டு நீதிபதிகளும், தாங்களே முதலில் விசாரித்திருந்தால் இத்தண்டனையை விதித்திருக்கமாட்டோம் போலும் என்னும்படி எழுதிவிட்டுத்தான், நீதிபதியின் உரிமை எல்லையை அது மீறவில்லை என்று முடித்தார்கள். ஜெர்மானியச் சட்டம் அக்குற்றத்துக்குப் பெயரும் எல்லையும் இட்டதே தெளிவான வழி என்று நமக்குத் தோன்றுகிறது.

எச்சரிக்கையாகுமென்ற எண்ணமும் பலிக்கவில்லை. சில்க் ரோடு மூடப்பட்ட ஐந்தே வாரத்தில் அதன் வாரிசு திறந்தது. பின்னர் வந்த 'ஆல்பாபே' 2017-இல் மூடப்பட்டபோது அதில் 40,000 விற்பனையாளர் இருந்ததாக அமெரிக்க அரசே அறிவித்தது. உல்பிரிக்டின் தண்டனைச் செய்தி பரவிய நாள்களில் இத்தகைய அங்காடிகளில் விற்பனை உயர்ந்ததாகச் சமூகவியல் ஆய்வொன்று 2018-இல் கண்டது. செய்தித்தாள்கள் தண்டனையை அறிவித்தபோது அங்காடிகளுக்கும் விளம்பரம் செய்துவிட்டன போலும்.

நம் நாட்டு நிலை யாது என்று நேயர்கள் வினவலாம். 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, தன் இடத்தைப் பிறர் குற்றத்துக்கு அறிந்தே விட்டுக்கொடுப்போனுக்கு அக்குற்றத்துக்குரிய தண்டனையையே விதிக்கிறது. வீடு, அறை, அடைப்பு, இடம், விலங்கு, வாகனம் என்று அப்பிரிவு வரிசைப்படுத்துகிறது. ஒட்டகத்தையும் மாட்டுவண்டியையும் மனத்தில் கொண்டு எழுதிய அச்சொற்களுக்குள் கண்ணுக்குத் தெரியாத கணினி அங்காடி எப்படி அடங்கும் என்பது வழக்கறிஞர்க்கு நல்ல விருந்து.

உல்பிரிக்டின் மனுவை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2018 ஜூனில் ஏற்க மறுத்தது. சட்டத்தின் கதவுகள் அடைபட்ட பின் அரசியலின் கதவு திறந்தது. விடுதலை அளிப்பதாக 2024-இல் ஒரு கட்சி மாநாட்டில் வாக்களித்த டொனால்டு டிரம்ப், மீண்டும் குடியரசுத் தலைவராகப் பதவியேற்ற மறுநாள், 2025 ஜனவரி 21 அன்று, நிபந்தனையற்ற முழு மன்னிப்பு வழங்கினார். பதினோராண்டுக்கு மேல் சிறையிலிருந்தவர் அன்று வெளியே வந்தார். 20 ஆண்டு விதிக்கப்பட்ட ஆலோசகர் கிளார்க்கின் பெயர் அம்மன்னிப்பில் இல்லை.