காணொளிப் பாடம் தொழிலான வரலாறு

கணினியில் ஓவியம், வடிவமைப்பு, அசைவூட்டம், படத்தொகுப்பு ஆகியவற்றைக் கற்பிக்கும் காணொளிப் பாடங்கள் 1990-களில் விற்பனைக்கு வரத் தொடங்கின. போட்டோஷாப்பின் முதல் பதிப்பு 1990-இலும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் 1993-இலும் வெளிவந்தன. இம்மென்பொருள்களை வாங்கியவர்களுக்குப் பெட்டியோடு தடித்த கையேடு ஒன்றும் கிடைத்தது. எந்தக் கட்டளை எங்கே இருக்கிறது என்பதைக் கையேடு சொல்லிவிடும். ஒரு நிழலை எவ்வளவு மங்க வைத்தால் போதும், எந்த இடத்தில் கையை நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பழக வேண்டியவை. அந்தப் பக்கத்து இருக்கையைத்தான் முதலில் விஎச்எஸ் நாடாக்களும் பிறகு டிவிடிகளும் விலைக்குத் தந்தன. வாங்குவோர் பெரும்பாலும் ஸ்டூடியோக்களிலும் விளம்பர நிறுவனங்களிலும் வேலை செய்தவர்கள். எண்ணிக்கையில் குறைவு என்பதால் விலை அதிகமாகவே இருந்தது. ஹாலிவுட்டில் 1997-இல் நோமன் பள்ளியைத் தொடங்கிய அலெக்ஸ் அல்வாரெஸ், 2000-இல் நோமன் ஒர்க்‌ஷாப் என்ற பெயரில் திரைத்துறைக் கலைஞர்களின் பாடங்களைப் பதிவுசெய்து விற்கத் தொடங்கினார். பகலில் படங்களுக்கு வேலை செய்தவர்கள் தங்கள் கைத்திறனைச் சொல்லிக்கொடுத்தும் சம்பாதிக்கலாம் என்பது அப்போதே உறுதியாகிவிட்டது.

இத்தொழிலின் வருமான முறையை வகுத்தவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் அது லிண்டா வைன்மன். அசைவூட்டக் கலைஞராக இருந்து, கலிஃபோர்னியாவின் பாசடீனா நகரிலுள்ள ஆர்ட் சென்டர் கல்லூரியில் பாடம் நடத்தியவர். தன் மாணவர்களுக்காக 1995-இல் லிண்டா.காம் என்ற இணையதளத்தை அமைத்தார். இணையப் பக்கங்களுக்குப் படம் தயாரிப்பது பற்றி அவர் எழுதி 1996-இல் வெளியான நூல் நன்றாக விற்றது. பிறகு அவரும் அவருடைய கணவர் புரூஸ் ஹெவினும் ஓஹாய் என்ற சிற்றூரில் நேரடி வகுப்புகளைத் தொடங்கினர். வெளியூர்களிலிருந்து விமானம் ஏறி வந்து படித்தார்கள். இணைய நிறுவனங்களின் பங்குச் சரிவும் 2001 செப்டம்பர் தாக்குதலும் அடுத்தடுத்து வந்தபோது பயணம் நின்றது, வகுப்பறைகள் காலியாயின. பாடங்களை அப்படியே இணையத்தில் ஏற்றி, மாதம் 25 டாலர் சந்தாவுக்கு எல்லாவற்றையும் திறந்துவிடும் முடிவை 2002-இல் எடுத்தார்கள். நெருக்கடியில் எடுத்த முடிவுதான். அகலப்பட்டை இணைப்பு பல வீடுகளில் இல்லாத காலமும்கூட. ஆனால் அந்த முடிவே இத்துறையின் அடித்தளமானது.

ஆசிரியர்களுக்கு அங்கே கிடைத்தது ராயல்டி. சந்தாப் பணத்தின் ஒரு பகுதி பொதுத் தொகையாக ஒதுக்கப்படும். யாருடைய பாடம் எவ்வளவு பார்க்கப்பட்டதோ அந்த அளவில் பிரித்துத் தரப்படும். புத்தக ஆசிரியருக்கு ஒரு பிரதி விற்றால் ஒருமுறை பணம். இங்கே ஒரே பாடம் ஆண்டுக்கணக்கில் பணம் தந்தது. வெளி முதலீடு எதுவும் வாங்காமல் வளர்ந்த அந்நிறுவனம் 2013-இல்தான் முதன்முறையாக 10.3 கோடி டாலர் முதலீட்டை ஏற்றது. 2015-இல் லிங்க்ட்இன் அதை 150 கோடி டாலருக்கு வாங்கியது. அதற்கு முந்தைய ஆண்டில், ஓக்லஹோமா நகரில் முப்பரிமாண அசைவூட்டப் பாடங்களுக்குப் பேர்பெற்ற டிஜிட்டல்-டியூட்டர்ஸ் நிறுவனத்தை ப்ளூரல்சைட் 4.5 கோடி டாலருக்கு வாங்கியிருந்தது. கற்பித்தவர்களின் உழைப்பு பெருநிறுவனங்களின் சொத்தாக மாறிய காலம் அது. ராயல்டி ஒப்பந்தத்தில் இருந்தவர்களுக்கு நிறுவன விற்பனையில் பங்கு இல்லை என்பதையும் சேர்த்தே இந்த எண்களைப் படிக்க வேண்டும்.

யூடியூப் 2005-இல் வந்தபோது நிலைமை தலைகீழானது. டெக்ஸ்மித் நிறுவனத்தின் கேம்டேசியா போன்ற திரைப்பதிவு மென்பொருள்கள் ஏற்கெனவே கடைகளில் இருந்தன. ஒலிவாங்கியும் ஒரு கணினியும் உள்ள எவரும் பாடம் தயாரிக்கலாம் என்றாயிற்று. ஆரம்பத்தில் பணம் வரவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட சிலருக்கு மட்டும் விளம்பர வருவாயில் பங்கு தரும் திட்டம் 2007-இல் தொடங்கி, 2012-இல் பரவலாகத் திறந்துவிடப்பட்டது. விளம்பர வருவாயில் 55 சதவீதம் காணொளி செய்தவருக்கு என்பது வழக்கமான பங்கீடு. பத்து நிமிடத்துக்கு மேல் ஏற்ற முடியாது என்ற வரம்பு சில ஆண்டுகள் இருந்ததால் அக்காலப் பாடங்கள் இரண்டு மூன்று துண்டுகளாக வந்தன. எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்பதைவிட எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கு யூடியூப் 2012-இல் முன்னுரிமை கொடுத்தது. ஆற அமரச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கு இது நல்ல காலம். 2018-இல் சிறிய ஆசிரியர்களுக்கு அடி விழுந்தது. ஆயிரம் சந்தாதாரர்களும் ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் இல்லாதவர்கள் விளம்பர வருவாய்த் திட்டத்திலிருந்து நீக்கப்பட்டனர். குறிப்பிட்ட ஒரு மென்பொருளின் நுணுக்கத்தை மட்டும் கற்பிக்கும் சேனலுக்குப் பார்வையாளர்கள் இயல்பாகவே குறைவு. பயன் மிகுந்த பாடமும் பார்வை குறைந்த பாடமும் ஒன்றாகவே இருப்பது இத்துறையில் அடிக்கடி நேர்வது.

விளம்பரப் பணத்தை நம்பாமல் பிழைத்தவர்களின் வழியே இந்த வரலாற்றில் அதிகம் கற்றுக்கொள்ள வேண்டிய பகுதி. ஆண்ட்ரூ கிரேமர் தன் வீடியோ கோபைலட் தளத்தில் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் பாடங்களை இலவசமாகவே வழங்கினார். வெடிப்பு, மின்னல், விண்கலம் என்று திரையில் பார்த்து வியந்தவற்றை வீட்டுக் கணினியில் செய்துகாட்டிய அந்தப் பாடங்களால் ஒரு தலைமுறையே இத்தொழிலுக்கு வந்தது. அவருக்கு வருமானம் தந்தவை ஆப்டிகல் ஃபிளேர்ஸ், எலிமென்ட் 3டி போன்ற அவருடைய துணைமென்பொருள்கள். 2009-இல் வெளியான ஸ்டார் ட்ரெக் படத்தின் பெயர் வரிசையிலும் அவருடைய கைவேலை உண்டு. ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ பிரைஸ், பிளெண்டர் குரு என்ற பெயரில், பிளெண்டர் மென்பொருளில் ஒரு டோனட்டை உருவாக்கும் பாடத்தை இலவசமாகத் தந்தார். முப்பரிமாணக் கலைக்குள் நுழைவோர் பலருக்கு இன்றும் அதுவே முதல் பாடம். பொருள்களின் மேற்பரப்புப் படங்களை விற்கும் பொலீகான் என்ற அவருடைய நிறுவனம் வருமானத்துக்கு வழியானது. உருவப்படம் வரையக் கற்பிக்கும் ஸ்டான் புரோகோபென்கோ சுருக்கமான பாடத்தை யூடியூபில் இலவசமாகவும் விரிவான பாடத்தைத் தன் தளத்தில் விலைக்கும் வைத்தார். டிஸ்னியில் பல ஆண்டுகள் பணியாற்றிய ஆரோன் பிளேஸ் அங்கிருந்து விலகியபின் விலங்குகளை வரையவும் அசைக்கவும் கற்பிக்கும் பாடங்களைத் தன் சொந்தத் தளத்திலேயே விற்றார். 2011-இல் வந்த கம்ரோடும், 2013-இல் இசைக்கலைஞர் ஜாக் கான்டேயும் சாம் யாமும் தொடங்கிய பேட்ரியனும் இந்த நேரடி விற்பனையை எளிதாக்கின. பாடத்தோடு சேர்த்து அடுக்குகள் கலையாத மூலக்கோப்புகளையும் தரும் வழக்கம் இவற்றின் வழியே வேரூன்றியது.

பாடச்சந்தைகள் இன்னொரு பாதை. துருக்கிக் கிராமம் ஒன்றில் ஒற்றை அறைப் பள்ளியில் படித்த எரென் பாலியும் அவருடைய கூட்டாளிகளும் 2010-இல் யூடெமியைத் தொடங்கினர். யார் வேண்டுமானாலும் பாடம் ஏற்றலாம், விலை வைக்கலாம். ஆசிரியர் தானே அழைத்துவந்த மாணவர் வாங்கினால் 97 சதவீதம் ஆசிரியருக்கு. தளமே தேடித்தந்த மாணவரானால் 50 சதவீதம். அது பிறகு 37 ஆகக் குறைந்தது. தொடர் தள்ளுபடிகளால் 200 டாலர் என்று குறித்த பாடம் பத்துப் பதினைந்து டாலருக்குப் போவது வாடிக்கையாயிற்று. நிறுவன ஊழியர்களுக்கான சந்தாத் திட்டத்தில் ஆசிரியர்களுக்கு ஒதுக்கிய பங்கு முதலில் 25 சதவீதம். அதை 2024-இல் 20, 2025-இல் 17.5, 2026-இல் 15 என்று படிப்படியாகக் குறைக்கப்போவதாக யூடெமி அறிவித்தது. வாசலைக் காப்பவர் யாரோ, வரும் பணத்தின் கணக்கையும் அவரே எழுதுகிறார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. நியூயார்க்கின் ஸ்கில்ஷேர் 2014-இல் சந்தா முறைக்கு மாறி, பின்னாளில் பார்த்த நிமிடங்களைக் கணக்கிட்டுப் பணம் தந்தது. ஓவியம், எழுத்துரு, வடிவமைப்பு ஆகியவற்றில் அங்கே பல ஆசிரியர்கள் உருவானார்கள்.

இத்தொழிலில் வெளியே தெரியாத செலவு ஒன்று உண்டு: பாடம் பழசாவது. அடோபி 2013-இல் பெட்டி விற்பனையை விட்டு கிரியேட்டிவ் கிளவுட் சந்தாவுக்கு மாறியது. அதன்பின் பெரிய பதிப்புகளுக்குப் பதில் சிறு மாற்றங்கள் இடைவிடாமல் வந்தன. பாடத்தில் காட்டிய பொத்தான் மாணவரின் திரையில் வேறிடத்தில் இருந்தது. பிளெண்டர் 2019 ஜூலையில் 2.80 பதிப்பின் வழியாகத் தன் முகப்பையே மாற்றியபோது அதற்கு முந்தைய பாடங்கள் புதியவர்களுக்குக் குழப்பமாகிவிட்டன. பிரைஸ் அதே டோனட்டை மறுபடி செய்துகாட்ட வேண்டியிருந்தது. ஃபிளாஷ் கதை இன்னும் கடுமை. 2020 டிசம்பர் 31-உடன் ஃபிளாஷ் பிளேயரின் ஆதரவு முடிந்தது. இணையத்துக்கு ஃபிளாஷில் ஊடாடும் பக்கமும் விளையாட்டும் செய்யக் கற்பித்த பாடங்களின் தேவையும் அத்தோடு போயிற்று. உடற்கூறு, ஒளி, வண்ணம், அசைவின் நேரக்கணக்கு ஆகியவற்றைக் கற்பித்தவர்களின் பாடங்களோ இருபது ஆண்டுகள் கழித்தும் விற்கின்றன. பொத்தானைக் கற்பித்தவரைவிடக் கண்ணைப் பழக்கியவருக்கே நீண்டகால வருமானம் வந்தது.

பெருந்தொற்றுக் காலத்தில் மாணவர் எண்ணிக்கை பெருகியது. ஸ்பெயினில் பிறந்த டொமெஸ்டிகா என்ற பாடத்தளம் பல நாடுகளில் பரவியது; யூடெமி 2021 அக்டோபரில் பங்குச்சந்தைக்கு வந்தது; அதே ஆண்டு கிரியேட்டிவ்லைவ் என்ற பாடத்தளம் ஃபைவர் நிறுவனத்தின் கைக்குப் போனது. படத்தின் ஒரு பகுதியைத் தானே நிரப்பித்தரும் செயற்கை நுண்ணறிவு வசதி 2023-இல் போட்டோஷாப்பில் சேர்ந்தது. பின்னணி நீக்குவது, வேண்டாத பொருளை அழிப்பது போன்ற தொடக்கநிலைப் பாடங்களின் தேவை இதனால் சுருங்குகிறது.

தமிழ்நாட்டில் போட்டோஷாப்பும் கோரல்டிராவும் முதலில் கற்பிக்கப்பட்டவை கணினிப் பயிற்சி மையங்களில். டிடிபி வேலைக்கும் திருமண ஆல்பத்துக்கும் ஃபிளெக்ஸ் பேனருக்கும் ஆட்கள் அங்கிருந்துதான் வந்தார்கள். அச்சகங்களில் உதவியாளராகச் சேர்ந்து பார்த்தே கற்றவர்களும் உண்டு. மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டம், பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா தலைமையில், ஜிம்ப், பிளெண்டர் போன்ற கட்டற்ற மென்பொருள்களுக்குப் பத்து நிமிட அளவிலான பாடங்களைத் தயாரித்துத் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் குரல் கொடுத்து இலவசமாக வழங்கியது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை வீழ்ந்தபின் தமிழில் படத்தொகுப்பும் வடிவமைப்பும் கற்பிக்கும் யூடியூப் சேனல்கள் பெருகின. சென்னையில் யூடியூப் பாடங்களாகத் தொடங்கிய குவி, 2014-இல் நிறுவனமாகி, தாய்மொழியில் தொழில்நுட்பப் பாடத்தை விற்க முடியும் என்று நிரலாக்கத் துறையில் காட்டியது. 2022-இல் எச்சிஎல் அதன் பெரும்பான்மைப் பங்கை வாங்கியது.

இந்தியப் பார்வைகளுக்குக் கிடைக்கும் விளம்பரக் கட்டணம் அமெரிக்காவோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. அதனால் தமிழில் கற்பிப்பவர்களுக்கு யூடியூப் பணம் மட்டும் போதுவதில்லை. யூபிஐ வழியாகக் கட்டணம் வாங்கி, வாட்ஸ்அப் குழுவில் சந்தேகம் தீர்த்து, வார இறுதியில் நேரலை வகுப்பு நடத்துவதே அவர்களில் பலருக்குக் கைகொடுக்கும் வழி. தளத்தின் பங்கீட்டு விதி மாறினாலும் இந்த வருமானம் குறைவதில்லை, ஏனென்றால் மாணவரின் தொலைபேசி எண் ஆசிரியரிடமே இருக்கிறது.