குதிரையேற்றப் பயிற்சிக்கு எவ்வளவு செலவாகும்? ஊருக்கு ஊர் கட்டணம் வேறுபடுவது ஏன்?

சீனாவின் ஹாங்சோ நகரில் 2023-ஆம் ஆண்டு நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில், குதிரையேற்றத்தின் 'டிரெஸ்ஸாஜ்' குழுப் பிரிவில் இந்தியா தங்கப் பதக்கம் வென்றது. 1982-ஆம் ஆண்டு தில்லி ஆசியப் போட்டிக்குப் பிறகு, 41 ஆண்டுகள் கழித்து இந்த விளையாட்டில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. அந்த அணியில் இடம்பெற்ற சுதீப்தி ஹஜேலா இந்தூரையும், திவ்யகிருதி சிங் ஜெய்ப்பூரையும், ஹிருதய் விபுல் செட்டா மும்பையையும், அனுஷ் அகர்வல்லா கொல்கத்தாவையும் சேர்ந்தவர்கள். அரச குடும்பத்தினருக்கும் படைவீரர்களுக்கும் மட்டுமே உரியதாகக் கருதப்பட்ட குதிரையேற்றம், இன்று நகரங்களில் வாழும் நடுத்தரக் குடும்பங்களின் பிள்ளைகளும் கற்கக்கூடியதாகியுள்ளது.

பிள்ளைகளைப் பயிற்சியில் சேர்க்க விரும்பும் பெற்றோர் முதலில் கேட்பது கட்டணத்தைப் பற்றித்தான். அதற்கு நாடு முழுவதற்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. குதிரையேற்றப் பள்ளிகளின் கட்டணத்தை அரசு நிர்ணயிப்பதில்லை. ஓர் ஊரில் ஒரு வகுப்புக்கு 300 ரூபாயும், மற்றோர் ஊரில் அதே நேரத்துக்கு 3,000 ரூபாயும் கேட்கப்படுவது உண்டு. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள, கட்டணம் எதற்காகச் செலவாகிறது என்பதை முதலில் அறிய வேண்டும்.

கட்டணத்தின் பெரும்பகுதி குதிரைக்கே

நீச்சல் குளமோ டென்னிஸ் மைதானமோ பயன்படுத்தாத நாளில் பெரிய செலவு வைப்பதில்லை. குதிரை அப்படியல்ல. வகுப்பு நடந்தாலும் நடக்காவிட்டாலும் அதற்குத் தீவனம் வேண்டும். சுமார் 450 கிலோ எடையுள்ள குதிரை, தன் உடல் எடையில் ஏறக்குறைய 2 முதல் 2.5 சதவீதம் அளவுக்கு, அதாவது நாளொன்றுக்கு 9 முதல் 11 கிலோ வரை உலர் தீவனம் உண்ணும். வெயில் காலத்தில் 40 லிட்டருக்கும் மேல் தண்ணீர் குடிக்கும். ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை குளம்பைச் சீவி லாடத்தை மாற்ற வேண்டும். தடுப்பூசி, குடற்புழு நீக்கம், பல் பராமரிப்பு, லாயப் பணியாளரின் ஊதியம் ஆகியவை இவற்றுடன் சேரும்.

ஓர் எளிய கணக்கைப் பார்க்கலாம். ஒரு குதிரையின் பராமரிப்புக்கு மாதம் 20,000 ரூபாய் ஆகிறது என்றும், அது நாளொன்றுக்கு இரண்டு வகுப்புகள் வீதம் மாதத்தில் 25 நாள்கள் உழைக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். மொத்தம் 50 வகுப்புகள். அப்படியானால், குதிரைக்கான செலவு மட்டுமே வகுப்புக்கு 400 ரூபாய் ஆகிறது. பயிற்றுநரின் ஊதியம், மைதான வாடகை, சேணம், கடிவாளம் போன்ற தளவாடங்களின் தேய்மானம் ஆகியவை இதில் சேரவில்லை. மழையாலோ தேர்வுக் காலத்தாலோ வகுப்புகள் பாதியாகக் குறைந்தால், இதே செலவு வகுப்புக்கு 800 ரூபாயாக உயர்ந்துவிடும்.

எந்தப் பகுதியில் எவ்வளவு?

பெருநகரங்களில் உள்ள தனியார் பள்ளிகளில், 30 முதல் 45 நிமிடங்கள் நீடிக்கும் குழு வகுப்புக்கு ஏறத்தாழ 600 முதல் 1,500 ரூபாய் வரை வசூலிக்கப்படுகிறது. பயிற்றுநர் ஒருவருக்கு மட்டும் தனியே கற்பிக்கும் வகுப்புக்கு 1,500 முதல் 3,000 ரூபாய் வரை ஆகலாம். மாதத்துக்கு எட்டு அல்லது பன்னிரண்டு வகுப்புகள் கொண்ட தொகுப்பாகச் சேர்ந்தால் ஒரு வகுப்புக்கான கட்டணம் குறையும். பள்ளிக்குப் பள்ளி மாறக்கூடிய இத்தொகைகளைத் தோராயமான அளவாகவே கொள்ள வேண்டும்.

மும்பையில் செலவை உயர்த்துவது நிலம். மகாலட்சுமி குதிரைப் பந்தய மைதானத்தில் 1942-இல் தொடங்கப்பட்ட அமெச்சூர் ரைடர்ஸ் கிளப் போல, நகரின் நடுவே இயங்கும் அமைப்புகள் மிகச் சில. நீண்ட பருவமழை, திறந்தவெளி மைதானங்களில் வகுப்பு நடத்தக்கூடிய நாள்களைக் குறைக்கிறது.

தில்லியில் நகருக்குள் தில்லி ரைடிங் கிளப் உள்ளது. குருகிராம், சத்தர்பூர் பகுதிகளின் பண்ணை நிலங்களில் தனியார் பள்ளிகள் இயங்குகின்றன. தலைநகரில் ராணுவத்தின் குதிரைப் படைப் பிரிவுகள் இருப்பதால், ஓய்வுபெற்ற ராணுவப் பயிற்றுநர்கள் கிடைப்பது இப்பகுதிக்குச் சாதகமாக உள்ளது.

ஆண்டின் பெரும்பகுதியில் மிதமான வானிலை நிலவுவது பெங்களூருவின் பலம். 1996-இல் தொடங்கப்பட்ட எம்பசி சர்வதேசக் குதிரையேற்றப் பள்ளி அந்நகரின் வடபுறத்தில் உள்ளது. 2018 ஆசியப் போட்டியில் இரண்டு வெள்ளிப் பதக்கங்கள் வென்று, டோக்கியோ ஒலிம்பிக்கிலும் பங்கேற்ற ஃபவாத் மிர்சா பெங்களூருவைச் சேர்ந்தவர்.

சென்னையில் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிப் பயிற்சிப் பள்ளிகள் உள்ளன. ஆரோவில் பகுதியில் ரெட் எர்த் குதிரையேற்றப் பள்ளி செயல்படுகிறது. கடலோர வெப்பமும் ஈரப்பதமும் காரணமாக, வகுப்புகள் பெரும்பாலும் அதிகாலையிலும் மாலையிலும் மட்டுமே நடைபெறுகின்றன. ஒரு நாளில் கிடைக்கும் நேரம் குறைவதால் கட்டணத்தைக் குறைப்பது எளிதன்று.

ராஜஸ்தான், குஜராத், பஞ்சாப் மாநிலங்களில் நிலைமை வேறு. மார்வாரி, காத்தியவாரி இனக் குதிரைகளை வளர்க்கும் மரபு இப்பகுதிகளில் தொடர்கிறது. தீவனமும் லாயப் பணியில் தேர்ந்தவர்களும் எளிதில் கிடைப்பதால், இங்குள்ள சிறு நகரங்களில் 300 முதல் 700 ரூபாய்க்கு வகுப்புகள் கிடைப்பதுண்டு. ஆயினும் நாட்டில் குதிரைகளின் எண்ணிக்கை வேகமாகக் குறைந்து வருகிறது. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி குதிரைகளும் மட்டக்குதிரைகளும் சேர்ந்து சுமார் 3.4 லட்சம் மட்டுமே. 2012 கணக்கெடுப்புடன் ஒப்பிட்டால் இது 45 சதவீதத்துக்கும் அதிகமான சரிவு.

ஊட்டி, கொடைக்கானல், மாத்தேரான், சிம்லா போன்ற மலைவாசத் தலங்களில் சுற்றுலாப் பயணிகளுக்குக் கிடைக்கும் குதிரைச் சவாரி, பயிற்சி வகுப்பு ஆகாது. அங்கே கடிவாளம் உரிமையாளர் கையில் இருக்கும்; ஏறி அமர்பவர் எதையும் கற்பதில்லை. இரண்டின் கட்டணத்தையும் ஒப்பிடுவது பொருந்தாது.

செலவின்றிக் கற்கும் வாய்ப்பு

குதிரையின் பராமரிப்புச் செலவை வேறொருவர் ஏற்கும் இடங்களில் பயிற்சி மலிவாகவோ இலவசமாகவோ கிடைக்கிறது. அவற்றுள் முதன்மையானது தேசிய மாணவர் படை. அதன் குதிரை மற்றும் கால்நடைப் பிரிவில் சேரும் கல்லூரி மாணவ, மாணவியருக்குக் கட்டணமின்றிக் குதிரையேற்றம் கற்பிக்கப்படுகிறது. சென்னை வேப்பேரி, பெங்களூரு ஹெப்பால், கேரளத்தின் மண்ணுத்தி, ஹரியாணாவின் ஹிசார் போன்ற இடங்களில், கால்நடை மருத்துவக் கல்லூரிகளைச் சார்ந்து இப்பிரிவுகள் இயங்குகின்றன.

ராணுவக் குடியிருப்புப் பகுதிகளில் உள்ள குதிரையேற்ற மன்றங்களில் படைவீரர்களின் குடும்பத்தினர் குறைந்த கட்டணத்தில் கற்கலாம். இடத்தைப் பொறுத்துப் பொதுமக்களும் சேர்க்கப்படுவதுண்டு. முசோரியில் உள்ள லால் பகதூர் சாஸ்திரி தேசிய நிர்வாக அகாதெமியிலும், ஹைதராபாதில் உள்ள தேசிய காவல் அகாதெமியிலும் பயிற்சி அதிகாரிகளுக்குக் குதிரையேற்றம் கற்பிக்கப்படுகிறது. அஜ்மீரின் மேயோ கல்லூரி போன்ற உறைவிடப் பள்ளிகளிலும் இதற்கான வசதி உண்டு.

மலிவான கட்டணம் எப்போதும் லாபமா?

அரசோ ராணுவமோ செலவை ஏற்காத தனியார் பள்ளி ஒன்று, பெருநகரில் 300 ரூபாய்க்கு வகுப்பு நடத்துகிறது என்றால், அது எப்படிச் சாத்தியமாகிறது என்று கேட்பது நல்லது. மேலே கண்ட கணக்கில், இரண்டு வகுப்புகளுக்குப் பதிலாக நாளொன்றுக்கு நான்கு வகுப்புகளுக்குக் குதிரையை ஓட்டினால், குதிரைக்கான செலவு 400 ரூபாயிலிருந்து 200 ரூபாயாகக் குறைந்துவிடும். அந்தச் சேமிப்பின் சுமை குதிரையின் முதுகில் இறங்குகிறது.

விலங்குகளை அளவுக்கு மீறி ஓட்டுவதும், நோயுற்ற அல்லது காயமடைந்த விலங்கை வேலையில் ஈடுபடுத்துவதும், 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் குற்றமாகும். களைத்த குதிரை, முதுகில் புண்ணுள்ள குதிரை, போதிய மறுபயிற்சி பெறாத ஓய்வுபெற்ற பந்தயக் குதிரை ஆகியவை புதிதாகக் கற்பவருக்கும் ஆபத்தானவை. வலி தாங்காமல் குதிரை துள்ளினால், முதலில் கீழே விழுபவர் அதன்மேல் அமர்ந்திருக்கும் குழந்தைதான்.

ஒரு பயிற்றுநரிடம் எத்தனை பேர் கற்கிறார்கள் என்பதும் கட்டணத்தைத் தீர்மானிக்கிறது. தொடக்கத்தில், பயிற்றுநர் நீண்ட கயிற்றில் குதிரையைப் பிடித்து வட்டமாகச் சுற்றவிட, கற்பவர் சமநிலையைப் பழகும் வகுப்புகள் விலை கூடியவை. ஆயினும், பத்துப் பேருக்கு நடுவே கற்பதைவிட இவ்வகையில் விரைவாக முன்னேற முடியும்.

எனவே ஒரு வகுப்பின் விலையைவிட, கற்றுத் தேர்வதற்கான மொத்தச் செலவைக் கணக்கிடுவதே சரியானது. சீரான நடை, துள்ளோட்டம், மெல்லோட்டம் ஆகியவற்றைத் துணையின்றிக் கையாளப் பொதுவாக 20 முதல் 30 வகுப்புகள் தேவைப்படும். வாரம் இருமுறை வீதம் மூன்று மாதங்களுக்கு 24 வகுப்புகள் என்றால், 500 ரூபாய் கட்டணத்தில் 12,000 ரூபாயும், 1,000 ரூபாய் கட்டணத்தில் 24,000 ரூபாயும், 1,500 ரூபாய் கட்டணத்தில் 36,000 ரூபாயும் ஆகும்.

பிற செலவுகள்

கட்டாயமாக வாங்க வேண்டியது தலைக்கவசம். குதிரையேற்றத்துக்கென உருவாக்கப்பட்டு, பி.ஏ.எஸ். 015 அல்லது ஏ.எஸ்.டி.எம். எஃப்1163 போன்ற தரச்சான்று பெற்றதாக அது இருக்க வேண்டும். மிதிவண்டி, கிரிக்கெட் தலைக்கவசங்கள் இதற்கு ஈடாகா. அங்கவடியில் கால் சிக்காமல் இருக்கச் சிறிய குதிகால் கொண்ட காலணி தேவை. பூட்ஸ் போன்ற தோல் பொருள்களை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியதில்லை. புவிசார் குறியீடு பெற்ற கான்பூர் சேணத் தொழில், உலகச் சந்தைக்கே ஏற்றுமதி செய்கிறது. அறிவிக்கப்பட்ட கட்டணத்தில் சரக்கு மற்றும் சேவை வரி, பதிவுக் கட்டணம், காப்பீடு ஆகியவை அடங்குமா என்பதையும் கேட்டறிய வேண்டும்.

போட்டிகளில் பங்கேற்கும் நிலைக்கு உயர்ந்தால் செலவின் அளவே மாறிவிடும். சொந்தக் குதிரை, அதன் லாய வாடகை, போக்குவரத்து எனத் தொகை லட்சங்களில் செல்லும். ஹாங்சோவில் தங்கம் வென்ற வீரர்கள் ஐரோப்பாவில் தங்கிப் பயிற்சி பெற்றவர்கள். நோய்த் தடுப்பு விதிகள் காரணமாக, இந்தியாவிலிருந்து குதிரைகளை வெளிநாட்டுப் போட்டிகளுக்கு அனுப்புவது நீண்ட காலமாகக் கடினமாக இருந்து வந்ததும் செலவைக் கூட்டியது. மீரட்டில் உள்ள ராணுவக் கால்நடைப் படை மையத்தில் அமைக்கப்பட்ட குதிரைநோயற்ற வளாகத்துக்கு, உலக விலங்கு நல அமைப்பு 2025-இல் அங்கீகாரம் அளித்துள்ளது. இதனால் அத்தடை தளர வழி பிறந்துள்ளது.

சேர்வதற்கு முன் கவனிக்க வேண்டியவை

பணம் செலுத்துவதற்கு முன், ஒரு முழு வகுப்பை நேரில் பார்ப்பது சிறந்தது. ஒரு குதிரை நாளொன்றுக்கு எத்தனை வகுப்புகளில் பயன்படுத்தப்படுகிறது, வாரத்தில் ஓய்வு நாள் உண்டா, கால்நடை மருத்துவர் எப்போது வந்து பார்த்தார், மனிதர்களுக்கும் பரவக்கூடிய கிளாண்டர்ஸ் நோய்க்கான பரிசோதனை செய்யப்பட்டதா, முதலுதவி வசதி உள்ளதா ஆகிய கேள்விகளைக் கேட்க வேண்டும். ஏறுபவரின் எடைக்கு வரம்பு வைத்திருக்கும் பள்ளி, குதிரையின் நலனில் அக்கறை கொண்டது எனலாம். சேணத்துடன் சேர்த்து, குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு.

சேணத்தைக் கழற்றியதும் குதிரையின் முதுகையும், லாயத்தில் தண்ணீர்த் தொட்டியையும் ஒருமுறை பார்த்தாலே, செலுத்தப்போகும் கட்டணம் எங்கே செல்கிறது என்பது பெருமளவு தெரிந்துவிடும்.