போட்டியாளர் கூட்டுறவு: ஒரகடம்

விற்பனையில் மோதும் நிறுவனங்கள் உற்பத்தியில் கைகோக்கும் உத்தியே போட்டியாளர் கூட்டுறவு. ஆடம் பிராண்டன்பர்கரும் பாரி நேல்பஃபும் 1996-இல் வெளியிட்ட நூல், ஆட்டக் கோட்பாட்டின் துணையுடன் இதை வணிக உலகில் பரப்பியது. தமிழ்நாட்டில் இதற்குத் தெளிவான சான்று, ஒரகடத்தில் 2010-இல் திறக்கப்பட்ட ரெனால்ட்–நிசான் ஆலை. ஆண்டுக்கு 4 லட்சம் கார்கள் என்ற இலக்கோடு எழுந்த அந்த ஆலையை, அன்று இந்தியச் சந்தையில் சிறு பங்கே பெற்றிருந்த இரு நிறுவனங்களில் எதுவும் தனியே நிரப்பியிருக்க முடியாது. வண்டிகள் குறைந்தால் பெயிண்ட் ஷாப்பின் முதலீடு குறைந்துவிடாது. அந்தச் சுமைதான் இருவரையும் சேர்த்தது. ரெனால்ட் டஸ்டரும் நிசான் டெரானோவும் ஒரே அடித்தளத்தில், ஒரே ஆலையில் உருவாகி, வெவ்வேறு ஷோரூம்களில் ஒரே வாடிக்கையாளரைத் தேடின. ஆட்டக் கோட்பாட்டின்படி, ஒருமுறை மட்டுமே ஆடும் ஆட்டத்தில் கூட்டாளியை ஏமாற்றுவது லாபம் தரலாம். பல்லாண்டு தொடரும் ஆட்டத்தில் நாளைய பதிலடி அதைத் தடுக்கிறது. தாய் நிறுவனங்கள் ஒன்றில் ஒன்று பங்கு வைத்திருந்ததும் அந்தத் தடையை வலுவாக்கியது.

இத்தகைய கூட்டுறவு மறைமுக விலைக்கூட்டு என்பது ஓர் ஆட்சேபம். போட்டிச் சட்டம் 2002-இன் 3-ஆம் பிரிவு விலையைப் பேசி நிர்ணயிப்பதைத் தடுக்கிறது. உற்பத்தித் திறனைக் கூட்டும் கூட்டு முயற்சிகளுக்கு அதே பிரிவு விலக்களிக்கிறது. இந்த வேறுபாடு நியாயமானது; ஏனெனில் ஆலையைப் பகிர்வதால் வாங்குபவருக்கு இழப்பில்லை. பெயர்ப்பலகை மட்டும் மாறிய நிசான் மைக்ரா–ரெனால்ட் பல்ஸ் போன்ற இரட்டை மாடல்கள் ஒன்றின் விற்பனையை மற்றொன்று தின்னும் என்ற ஆட்சேபமே கனமானது. ஒத்துழைப்பு வாடிக்கையாளரின் கண்ணுக்குத் தெரியும் இடம்வரை நீண்டால் போட்டி மங்கிவிடுகிறது. 2025-இல் ஒரகடம் ஆலையில் நிசானுக்கு இருந்த 51 சதவீதப் பங்கை ரெனால்ட் வாங்கியதைத் தோல்வி என்று கொள்வது அவசரம். உரிமை கைமாறிய பின்னும் நிசான் கார்களை அந்த ஆலையே தயாரிக்கும் என்பது ஒப்பந்தத்தின் பகுதி.