எல்லைக் கோட்டின் மேல் ஒரு நூலகம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கும் கனடாவுக்கும் இடையே ஏறத்தாழ 8,891 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் எல்லையில், வெர்மாண்ட் மாநிலத்து டெர்பி லைனும் கியூபெக் மாகாணத்து ஸ்டான்ஸ்டெட்டும் ஒன்றையொன்று தழுவி நிற்குமிடத்தில், இரு தேசத்தாரும் பேதமின்றிக் கூடிப் படிக்கவேண்டுமென்னும் உத்தம நோக்கத்தோடு, ஹாஸ்கெல் குடும்பத்தார் எல்லைக் கோட்டின் மேலேயே ஒரு நூலகத்தை எழுப்பி, 1904-ல் கட்டி முடித்தார்கள். வாசக சாலையின் தரையில் ஓடும் கரிய கோடொன்றே அங்கே சர்வதேச எல்லை. மாடியிலுள்ள அரங்கிலோ, மேடை கனடாவில், சபையோரில் பெரும்பாலோர் அமெரிக்காவில். எவ்வளவு அழகான ஏற்பாடு!

வாய்மொழியும் ஓட்டுநர் உரிமமுமே எல்லை கடக்கப் போதுமென்றிருந்த அந்தப் பழைய வழக்கம், அமெரிக்காவின் மீது நடந்த 2001 செப்டம்பர் 11-ன் கோரப் பயங்கரவாதத் தாக்குதலுக்குப்பின் நிலைக்கவில்லை. அமெரிக்காவுக்குள் ஆகாய மார்க்கமாக வருவோருக்கு 2007 ஜனவரியிலும், தரைவழி வருவோருக்கு 2009 ஜூன் 1 முதலும், பாஸ்போர்ட்டோ அதற்கு நிகரான பத்திரமோ கட்டாயமாயிற்று. தேசத்தின் பாதுகாப்பு அவசியமே. ஆயினும், தலைமுறை தலைமுறையாக ஒருவர் வீட்டுக் கதவை மற்றவர் தட்டிப் பழகிய ஊர்களுக்கு இது பெருந்துயரமே.

அமெரிக்கப் பக்கத்து நூலக வாசலுக்குக் கனடியர் பாஸ்போர்ட்டின்றி நடந்துவரும் சலுகை மட்டும் நெடுநாள் நீடித்தது. 2025-ல் அதுவும் கட்டுப்படுத்தப்பட்டது.