உப்பு முதலில் ஏறிய கிணறு



யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். அந்த மணியோசை எல்லார் காதிலும் ஒரே நேரத்தில் விழுவதில்லை. ஒரு புதிய தொழில் ஊருக்குள் நுழையும்போது அது எந்தத் தெருவில் முதலில் தெரிகிறது, தெரிந்ததை யார் எழுதி வைக்கிறார்கள் என்ற இரண்டு கேள்விகளை மட்டும் இந்த நினைவு உரையில் எடுத்துக்கொள்கிறேன். சிதம்பரம், கடலூர் வட்டாரத்தின் கடந்த அறுபது ஆண்டுகளிலேயே இதற்கான சான்றுகள் போதுமான அளவு இருக்கின்றன.

இறால் பண்ணையிலிருந்து தொடங்குகிறேன். சிதம்பரத்துக்குக் கிழக்கே கிள்ளை, பிச்சாவரம், பரங்கிப்பேட்டை என்று கடலை ஒட்டிக் கிடக்கும் நிலம் காவிரிப் பாசனத்தின் கடைமடை. மேலே தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது இங்கேதான். 1991இல் காவிரி நடுவர் மன்றம் இடைக்காலத் தீர்ப்பு சொன்ன காலம், தாராளமயம் வந்த காலமும் அதுவே. ஒரு பக்கம் நம்ப முடியாத பாசனம், மறுபக்கம் டைகர் இறாலுக்கு ஜப்பானிலும் அமெரிக்காவிலும் நல்ல விலை. கடைமடை நிலத்தை விற்றுவிட்டு நகரத்துக்குப் போக நினைத்தவர்களைத் தேடி வாங்குபவர்கள் வந்தார்கள். ‘நீலப் புரட்சி’ என்று அதற்குப் பெயரும் கிடைத்தது.

இந்தப் போக்கை அளந்தவர்கள் எதை வைத்து அளந்தார்கள் என்று பாருங்கள். ஏற்றுமதி டன், அந்நியச் செலாவணி, குட்டை வெட்டிய ஏக்கர், பத்திரப் பதிவு அலுவலகத்தில் ஏறிய நில மதிப்பு. எல்லாமே நிலம் வைத்திருப்பவருக்கும் பணம் வைத்திருப்பவருக்கும் உரிய கணக்குகள். நிலமில்லாத விவசாயக் கூலிக்கு, கடலோரச் சேரிகளில் பெரும்பாலோர் அப்படித்தான், நிலம் என்பது விலை கிடையாது. ஆண்டுக்கு இத்தனை நாள் நடவு, இத்தனை நாள் களை, இத்தனை நாள் அறுப்பு என்ற நாள்கணக்குதான். நெல்வயலுக்கு ஒரு போகத்தில் ஒரு தெருவே இறங்க வேண்டும். இறால் குட்டைக்குத் தீவனம் போட ஓர் ஆள், காவலுக்கு ஓர் ஆள், தண்ணீர் ஏற்ற மோட்டார். காவலாளியும் பெரும்பாலும் வெளியூர்க்காரர். நடவுக்கு ஆள் கூப்பிட்டு யாரும் தெருவுக்கு வரவில்லை என்பதுதான் முதல் அறிகுறி. அது எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை, ஏற ஒரு பதிவேடும் இல்லை.

இரண்டாவது அறிகுறி தண்ணீர். குட்டையில் கடல்நீரைத் தேக்கினால் உப்பு பக்கவாட்டில் கசியும். பொதுவாகப் பள்ளத்தில்தான் சேரி இருக்கும். ஆகவே முதலில் உப்புக் கரித்தது சேரிக் கிணறும் அடிபம்பும். சோறு வேகும்போதே பெண்களுக்குத் தெரிந்துவிடும். அதன்பிறகு வாய்க்கால் புறம்போக்கில் ஆடு மேய்க்கும் இடமும் சுடுகாட்டுக்குப் போகும் வழியும் கம்பிவேலிக்குள் போயின. மீனவர்களுக்குக் கடற்கரைக்குப் போகும் பாதை மறிபட்டது. இந்த இரண்டு தரப்பும் சேர்ந்து நிற்பது எளிதல்ல என்பது இந்தப் பகுதியை அறிந்தவர்களுக்குத் தெரியும். இந்த விஷயத்தில் ஓரளவு சேர்ந்து நின்றார்கள்.

அறிகுறி உலக அளவிலும் இருந்தது. 1988 வாக்கில் தைவானின் இறால் பண்ணைகள் நோயால் சரிந்தன. அங்கே முடிந்த தொழில் தாய்லாந்து, இந்தோனேசியா என்று நகர்ந்தது. நம் கரையில் குட்டை வெட்டத் தொடங்கியவர்கள் அந்தச் செய்தியை அறியாதவர்கள் அல்லர். இரண்டு மூன்று அறுவடையில் போட்ட பணத்தை எடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டவர்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். 1994இல் வெள்ளைப்புள்ளி நோய் இங்கும் வந்தது. பலர் குட்டையை அப்படியே விட்டுப் போனார்கள். உப்பு ஏறிய நிலம் நெல்லுக்குத் திரும்பவில்லை.

எண்பது வயதை எட்டியிருந்த சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார். நீரி நிறுவனம் 1995இல் கடலோரத்தைப் பார்த்து அறிக்கை கொடுத்தது. 1996 டிசம்பர் 11இல் நீதிபதிகள் குல்தீப் சிங், சகீர் அகமது அமர்வு தீர்ப்பளித்தது: கடலோர ஒழுங்குமுறைப் பகுதிக்குள் இறால் பண்ணை கூடாது, இருப்பவற்றை அகற்ற வேண்டும், விவசாய நிலத்தைக் குட்டையாக மாற்றக் கூடாது, மாசுபடுத்தியவர் ஈடு தர வேண்டும். இறால் தரும் வருமானத்தைவிட அது செய்யும் சேதம் அதிகம் என்பதையும் தீர்ப்பு ஏற்றுக்கொண்டது.

இந்தத் தீர்ப்பை வாசிக்கும் மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சேரிப் பெண்ணின் நாக்கு சொன்னது, ஆய்வகத்தின் உவர்ப்பு அளவாக மாறிய பிறகே நீதிமன்றத்துக்குள் நுழைய முடிந்தது. இதை ஜெகந்நாதன் மீதான குறையாகச் சொல்லவில்லை, அவர் இல்லாவிட்டால் அது அங்கே போய்ச் சேர்ந்தே இருக்காது. ஆனால் அந்த இடைவெளிக்குள் நான்கைந்து ஆண்டுகள் கடந்துவிட்டன. அதற்குள் வெட்ட வேண்டிய குட்டைகளை வெட்டிவிட்டார்கள். தீர்ப்பும் முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை. 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து, தீர்ப்பு மூடச் சொன்ன தொழிலுக்கு உரிமம் கொடுக்கும் வழியைத் திறந்தது. 2009க்குப் பிறகு வனாமி இறாலுக்கு அனுமதி கிடைத்ததும் குட்டைகள் மறுபடி பெருகின.

சேரியின் அறிகுறியைச் சேரியிலிருந்து வந்தவரே அரசு ஆவணமாக்கிய முன்னுதாரணம் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. காட்டுமன்னார்கோயில் பகுதியில் பிறந்த எல். இளையபெருமாள் தலைமையில் 1965இல் ஒன்றிய அரசு குழு அமைத்தது. தீண்டாமை சட்டப்படி ஒழிந்துவிட்டது என்று டெல்லி நம்பியிருந்த நேரத்தில், அக்குழு நாடு முழுக்கப் போய் அது எங்கெங்கே என்னென்ன உருவத்தில் இருக்கிறது என்று எழுதி வைத்தது. அறிக்கை 1969இல் வந்தது. அதற்குச் சற்று முன்புதான், 1968 டிசம்பர் 25இல், கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பரம்பரை அர்ச்சகர் முறை ஒழிய வேண்டும் என்ற அக்குழுவின் பரிந்துரை தமிழ்நாட்டின் 1970ஆம் ஆண்டு சட்டத் திருத்தத்துக்கு வழிவிட்டது. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் 1976இல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டமாகக் கடுமையாக்கப்பட்டதிலும் அதற்குப் பங்குண்டு. சட்டம் அமலானதா என்பது வேறு கதை. ஆவணம் இருந்ததால்தான் அந்தக் கேள்வியையே கேட்க முடிகிறது.

கடலூர் சிப்காட்டில் இது இன்னொரு வடிவம் எடுத்தது. குடிகாடு, ஈச்சங்காடு, சோனஞ்சாவடி, செம்மங்குப்பம் ஆகிய ஊர்களைச் சுற்றி 1980களிலிருந்து ரசாயன ஆலைகள் வந்தன. இரவில் நாற்றம் வரும், விடிந்தால் போய்விடும். அதிகாரி பகலில் வந்து பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று எழுதிப் போவார். 2004இல் அந்த ஊர் மக்கள் தாங்களே கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி பெற்று நோட்டில் எழுதத் தொடங்கினார்கள்: தேதி, மணி, இடம், காற்று வீசும் திசை, அழுகிய முட்டை நாற்றமா, நெயில் பாலிஷ் வாடையா, கண் எரிந்ததா, தலை சுற்றியதா. அமெரிக்காவில் ஆலைகளை ஒட்டி வாழ்ந்த மக்கள் 1990களில் பயன்படுத்திய முறைப்படி, பிளாஸ்டிக் வாளிக்குள் பை வைத்துக் காற்றைப் பிடித்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். அதில் இருபதுக்கு மேற்பட்ட நச்சு வேதிப்பொருட்கள் இருந்தன, புற்றுநோய் உண்டாக்குபவையும் அவற்றில் அடக்கம். பின்னர் நீரியின் ஆய்வும் புற்றுநோய் அபாயத்தை உறுதிசெய்தது. இறால் விவகாரத்தில் நீரி முதலில் வந்தது, இங்கே மக்களின் நோட்டு முதலில் வந்தது. சமூகவியல் படித்தவள் என்ற முறையில் இதை ஓர் ஆய்வுமுறையாகவே நான் பார்க்கிறேன், பாடப்புத்தகத்தில் இல்லாவிட்டாலும்.

கூலியின் நாள்கணக்குக்குப் பதிவேடு இல்லை என்று முதலில் சொன்னேன். அது 2006 பிப்ரவரி வரையிலான நிலைமை. நூறு நாள் வேலைத் திட்டம் தமிழ்நாட்டில் தொடங்கிய முதல் ஆறு மாவட்டங்களில் கடலூரும் ஒன்று. வேலை கேட்ட நாள், செய்த நாள், வாங்கிய கூலி எல்லாம் பெயரோடு ஏடேறின. ‘வயலுக்கு ஆள் கிடைக்கவில்லை’ என்று நிலக்காரர்கள் புலம்பத் தொடங்கியதும் அதன் பிறகுதான். வயல் எத்தனை நாள் வேலை கொடுத்துக்கொண்டிருந்தது என்று அதற்குமுன் யாரும் அவர்களைக் கேட்டதில்லை.

வனாமி வந்ததும் இந்தப் பதிவுகள் இருந்த காலத்தில்தான். குட்டை பெருகிய ஊராட்சிகளில் வேலை கேட்டவர்களின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு எப்படி மாறியது, அதில் பெண்கள் எத்தனை பேர், பட்டியல் சாதியினர் எத்தனை பேர் என்று எடுத்துப் பார்க்கலாம். எண் தராததை நடவுக்குப் போன மூத்த பெண்களிடம் கேட்க வேண்டும், அவர்கள் இருக்கும்போதே. முனைவர் பட்டத்துக்குத் தலைப்புத் தேடுபவர்கள் இந்த அரங்கில் சிலராவது இருப்பீர்கள். கிள்ளையிலிருந்து தொடங்கலாம், சிதம்பரத்திலிருந்து பேருந்து இருக்கிறது.