ஒஸ்லோ இலச்சினையிலுள்ள பெண்

இலச்சினை என்பது அதிகாரத்தின் முகம் என்றே ஒரு காலத்தில் மாணவருக்குக் கற்பித்தேன். யாழ்ப்பாண அரசரின் சேது நாணயத்திலுள்ள நந்திக்கு அது பொருந்தும். நோர்வே மாவட்டங்கள் பலவற்றுக்கும் பொருந்தும்: பின்மார்க்கின் இலச்சினையில் கறுப்புப் பின்னணியில் பொன்னிறக் கோட்டை. (அங்கே மீன் தொழிற்சாலைகளில் நின்ற நம்மவர் அதைக் கண்டிருப்பர்.)

ஒஸ்லோவுக்கு அது பொருந்தவில்லை. நகரின் காவற் புனிதர் ஹல்வார்ட், கைகளில் திரிகைக்கல்லும் மூன்று அம்புகளுமாக அமர்ந்திருக்கிறார்; காலடியில் ஒரு பெண். கதை 1043ஆம் ஆண்டளவிலானது. களவுப்பழி சுமத்தப்பட்ட கர்ப்பிணி ஒருத்தி, துரத்திவந்த மூவருக்கு அஞ்சி, ட்ராமன் குடாவில் அவர் படகில் தஞ்சம் கேட்டாள். பழுக்கக் காய்ச்சிய இரும்பை ஏந்தித் தன் குற்றமின்மையை நிரூபிக்கவும் ஆயத்தமாயிருந்தாளாம். வந்தவர்கள் அதற்கு இணங்கவில்லை. இருவரையும் கொன்றார்கள். கல்லைக் கட்டிக் கடலில் இட்ட ஹல்வார்டின் உடல் மிதந்ததென்பது ஐதீகம்.

இக்கதையைச் சொல்லும் நம்மவரும் புனிதரின் கருணையோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் அவள் இரக்கத்தை மட்டும் கேட்கவில்லை, விசாரணையையும் கேட்டாள். தஞ்ச மனு எழுதிய நமக்கு இந்த வேறுபாடு விளங்காததல்ல. மே 15 ஹல்வார்டின் திருநாள். அவளது பெயரைக் கதை சொன்னவர்கள் குறித்து வைக்கவில்லை.