ஏடு பெயர்த்தலும் இயங்குதள மாற்றமும்

ஓலைச்சுவடிக்கு ஆயுள் குறைவு. செல்லரிப்பதற்கு முன் அதனைப் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதியாக வேண்டும். அவ்வாறு பெயர்த்தெழுதப்பட்டவை நம் கைக்கு வந்து சேர்ந்தன. ஏனைய பல அழிந்தன. கணினியில் சேர்த்துவைத்த எழுத்துக்கும் இவ்விதி பொருந்தும் என்பதை நாம் சற்றுத் தாமதமாகவே உணர்ந்தோம்.

விண்டோஸ் எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8ஆம் நாளோடு நின்றன. நம் துறையிலிருந்த பழைய கணினிகள் புதிய விண்டோஸைத் தாங்கா. புதியன வாங்கப் பணமில்லை. ஆகவே உபுண்டு லினக்ஸுக்கு மாறினோம். அன்றாட வேலைகளுக்கு வேண்டியவை எளிதிற் கிட்டின. வினாத்தாளும் கடிதமும் எழுத லிப்ரே ஆபீஸ், இணையத்திற்கு ஃபயர்பாக்ஸ், படங்களைத் திருத்த கிம்ப், ஒலிப்பதிவுகளைக் கேட்க வி.எல்.சி. தமிழ்99 விசைப்பலகையும் ஐபஸ் வழியே அமைந்தது. ஒரு வாரத்தில் கை பழகிவிட்டது.

இடர் வேறிடத்தில் காத்திருந்தது. ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் பல்லாண்டுகள் ஊர் ஊராகச் சென்று திரட்டித் தட்டச்சு செய்திருந்த நாட்டார் பாடல் தொகுப்பைத் திறந்தோம். திரையில் ஒரு தமிழெழுத்துகூட இல்லை. பாடியவர்களுள் பலர் மறைந்துவிட்டனர். ஒலிநாடாக்களும் பூஞ்சை பிடித்துக் கெட்டிருந்தன.

காரணம் தமிழ்க் கணிமையின் வரலாற்றில் இருக்கிறது. தொடக்கக் காலத்தில் எழுத்துரு செய்தோர் தத்தம் போக்கில் தமிழெழுத்துகளுக்கு எண் கொடுத்தனர். ஈழத்தவரிடையே பரவிய பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழை அமர்த்தியது. அதில் எழுதிய ‘அம்மா’, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என நிற்கும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டின் பயனாக டாம், டாப் என்னும் குறியேற்றங்களும் தமிழ்99 விசைப்பலகையும் தரமாயின. இணையத் தமிழர் கூடி வகுத்த டிஸ்கியோ தனிவழி சென்றது. ஒரே மொழிக்குப் பல நெடுங்கணக்குகள்!

இத்தனைக்கும், லினக்ஸ் பிறந்த அதே 1991ஆம் ஆண்டில் ஒருங்குறியின் முதற் பதிப்பும் வெளிவந்தது. தமிழுக்கும் அதில் இடமிருந்தது. எழுத்துரு எதுவாயினும் ககரத்திற்கு ஒரே எண் என்பதே அதன் அடிப்படை. ஆயினும் இடம் கிடைத்தவுடன் எழுத்து திரைக்கு வந்துவிடவில்லை. டிஸ்கியில் ‘கெ’ என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசைப்படி கொம்பும் ககரமுமாகச் சேமிக்கப்பட்டது. ஒருங்குறியில் ககரம் முன், கொம்பு பின். திரையில் கொம்பை முன்னே கொணர்வது இயங்குதளத்தின் வேலை. விண்டோஸ் அவ்வேலையை 2000ஆம் பதிப்பில் கற்றது; லினக்ஸ் அதன் பின்னர்ப் படிப்படியாகக் கற்றது. தமிழக அரசு ஒருங்குறியையும் டேஸ்16ஐயும் ஏற்றது 2010இல்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் எழுதிக் குவித்தவற்றுள் பல பழைய குறியேற்றங்களில் சிறைப்பட்டன.

பேராசிரியரின் தொகுப்பு பாமினியில் இருந்தது. கோப்பினுள் எழுத்துருவின் பெயர் பதிந்திருந்ததால் அதனைக் கண்டறிந்தோம். குறிமாற்றி கொண்டு ஒருங்குறிக்குக் கொணர்ந்தபோது இடையிடையே இருந்த ஆங்கிலச் சொற்கள் பொருளற்ற தமிழாயின. அவற்றைக் கையால் திருத்தினோம். சிற்றிதழ் நடத்துவோர்க்கு ஒரு செய்தி: 2015 தொடக்கத்தில் வந்த லிப்ரே ஆபீஸ் 4.4 பதிப்பு முதல் பழைய பேஜ்மேக்கர் கோப்புகளையும் திறக்க முடிகிறது. பக்க அமைப்பு முழுதும் அப்படியே வருமென்று எதிர்பார்த்தல் வேண்டா. உரை மீண்டாலே பெரும்பேறு.

மென்பொருளைத் தேர்கையில் அது என்னென்ன செய்யும் என்று கேட்பது நம் வழக்கம். நாளை அதனை விட்டு நீங்கும்போது நம் எழுத்து உடன் வருமா என்றும் கேட்டாக வேண்டும். ஒருங்குறியில் எழுதி, 2006இல் பன்னாட்டுத் தரமாகிய திறந்த ஆவண வடிவில் சேமித்தால் வரும்.

தொகுப்பை அச்சிட்டுப் பேராசிரியரிடம் கொடுத்தோம். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டியவர், இரு தாலாட்டுகள் விடுபட்டிருப்பதைச் சுட்டினார். அவை பழைய நெகிழ்வட்டு ஒன்றில் இருந்தன. அவ்வட்டு திறக்கவேயில்லை.